தாரில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்!



'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று சொன்னால் அது திட்டு. ஆனால் தார் ரோடு, மண் ரோடு ரெண்டிலும் ஓடணும் என்றே செய்கிற பைக்குகள் இருக்கின்றன. 'அட்வென்சர் பைக்' என்பார்கள்.

இதைப் பற்றி எழுதக் காரணம் எங்க மாமா. மலை கிராமங்களுக்குத் தடுப்பூசி மருந்து கொண்டு போவது அவர் வேலை. போன மழைக்காலத்தில் ஜல்லி பரப்பிய ஓர் இறக்கத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டார். முன் சக்கரம் வழுக்கியது. விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. "வண்டி நல்ல வண்டிதான்டா, இந்த ரோட்டுக்கு ஆகாது" என்றார். அப்போ இந்த ரோட்டுக்கு ஆகிற வண்டி எப்படி இருக்கும்?

நம்ம ஊர் உதாரணம் ஒன்று பார்ப்போம். இங்கிலாந்தில் பிறந்த ராயல் என்ஃபீல்டு 1955-ல் சென்னைக்கு வந்தது. அந்தக் கம்பெனி 2016-ல் வெளியிட்ட வண்டி ஹிமாலயன், 411 சிசி. அதில் என்ன விசேஷம்?

1. பெரிய முன் சக்கரம்

சாதாரண பைக்கில் முன் சக்கரம் 17 அல்லது 18 அங்குலம். இதில் 21 அங்குலம். மாட்டு வண்டிச் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிசு? சின்னச் சக்கரம் கல்லில் முட்டி நிற்கும், பெரிய சக்கரம் ஏறிப் போய்விடும். குழந்தைகள் ஓட்டும் மூணு சக்கர சைக்கிளையும் நம்ம சைக்கிளையும் ஒரே செங்கல் மேல் ஏற்றிப் பாருங்கள், புரியும்.

2. தரையிலிருந்து உயரம்

இன்ஜின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையில் 22 செ.மீ. இடைவெளி. ஜாமெட்ரி பாக்ஸில் உள்ள 15 செ.மீ. ஸ்கேலை நிறுத்தி வைத்தால் அதற்கு மேலும் 7 செ.மீ.! முன் சக்கரம் 20 செ.மீ. வரை மேலும் கீழும் ஏறி இறங்கும். பள்ளத்தின் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், நம் முதுகுக்கு வராது.

3. வேகம் அல்ல, இழுவை

"மச்சான், டாப் ஸ்பீடு எவ்ளோ?" என்பதுதான் நம் முதல் கேள்வி. சேற்றில் அதனால் பிரயோஜனம் இல்லை. மெதுவாகப் போகும்போதே நல்ல இழுவை வேண்டும். 100 சிசி வண்டியின் முறுக்கு விசை சுமார் 8 நியூட்டன் மீட்டர். இந்த 411 சிசி இன்ஜினில் 32. அதுவும் 4,500 சுற்றுக்குள்ளேயே கிடைத்துவிடும், முறுக்கித் தள்ள வேண்டியதில்லை.

4. பிரேக்: இதுதான் முக்கியம்

ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் ஒரேயடியாக இறுகி நிற்காமல் விட்டு விட்டுப் பிடிக்கும் கருவி. தார் ரோட்டில் உயிர் காக்கும். ஆனால் ஜல்லியில் பின் சக்கரம் இறுகினால், முன்னால் கல்லைக் குவித்து வண்டி சீக்கிரம் நிற்க உதவும். ஏபிஎஸ் அதை விடாது, வண்டி இன்னும் தூரம் ஓடும். அதனால் 2020 முதல் இந்த வண்டியில் பின் சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் அணைக்க ஒரு சுவிட்ச் வைத்தார்கள். முன் சக்கரத்துக்கு அணைக்க முடியாது. ஏன்? முன் சக்கரம் இறுகினால் ஹேண்டில் பேச்சைக் கேட்காது, விழ வேண்டியதுதான். மாமாவுக்கு நடந்தது இதுதான்! தார் ரோடு வந்ததும் சுவிட்சை மறக்காமல் மறுபடி போட வேண்டும்.

குறை இல்லையா? இருக்கு. எடை கிட்டத்தட்ட 200 கிலோ, நம் வகுப்பில் நாலைந்து பேர் சேர்ந்த எடை. சேற்றில் சாய்ந்தால் தனி ஆளாகத் தூக்குவது கஷ்டம். நெடுஞ்சாலை வேகத்திலும் இன்ஜின் கொஞ்சம் திணறும். அதனால்தான் 2023-ல் 452 சிசியில் புது ஹிமாலயன் வந்தது. ரெண்டு வேலையும் தெரிந்தவன் ஒன்றில் முதல் மார்க் வாங்க மாட்டான். ஆனால் ரெண்டிலும் பாஸ் ஆவான்!

கொசுறு: லடாக்கின் கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். நமக்கு மட்டுமல்ல, இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும்!

நண்பர்களே, கியர் வண்டி லைசென்ஸுக்கு 18 வயது ஆகணும். அதுவரை படித்துத் தெரிந்துகொள்வோம், ஓட்ட வேண்டாம்.

மாமா புது வண்டி வாங்கவில்லை. விலை லட்சக்கணக்கில் இருக்கு. ஜல்லியைக் கண்டால் முன்னாடியே கியரைக் குறைத்து, பின் பிரேக்கை மெதுவாக மிதித்து இறங்குகிறார். கை சரியாகிவிட்டது. போன வாரம் மருந்துப் பெட்டியோடு பழைய வண்டியிலேயே மறுபடி மலை ஏறினார்.



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்