கரையோர ஊர்கள் – 7: கடல் விலகிய பிறகும் கொற்கை

சென்ற வாரம் தூத்துக்குடித் துறைமுகத்தைப் பார்த்தோம். இந்த வாரம் அதற்குத் தெற்கே, ஏரல் பக்கத்தில் இருக்கும் கொற்கைக்குப் போவோம். பஸ்ஸை விட்டு இறங்கினால் வயல், வாழை, குளம், ஒரு பழைய வன்னி மரம். கடல் கிழக்கே ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் இதுதான் என்றால் புதிதாக வருகிறவர்கள் நம்பத் தயங்குவார்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய எரித்திரியக் கடல் பயணக் குறிப்பில் கொற்கை வருகிறது. அதிலுள்ள ஒரு செய்தி என்னை எப்போதும் உறுத்தும்: இங்கே முத்துக் குளிக்கத் தண்டனை பெற்ற கைதிகளை இறக்கினார்களாம். பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் முத்துப் பரல் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அப்படிப்பட்ட முத்துக்காக மூச்சடக்கியவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

அவர்கள் காலத்து ஊரைக் கொஞ்சமாவது காட்டுவது மண்தான். 1870-களில் இடையன்குடி கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்தார். 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை முறையாக அகழ்ந்தது. செங்கல் கட்டுமானம், உறைகிணறு, தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடு, அறுத்த சங்கு எல்லாம் வெளிவந்தன. கிடைத்த கரித்துண்டைச் சோதித்ததில் கி.மு. 785 என்று காலம் கணித்தார்கள். 2021-இல் மறுபடியும் அகழாய்வு நடந்தது.

அந்தச் சங்கைக் கொஞ்சம் கவனியுங்கள். முனையை உடைத்து, நடுத்தண்டை எடுத்துவிட்டு, குறுக்குவாட்டில் வளையம் வளையமாக அறுத்து, கல்லில் தேய்த்து வழவழப்பாக்கினால் வளையல். வளையல் சந்தைக்குப் போய்விடும். முனையும் தண்டும் பட்டறையிலேயே கிடக்கும். அந்தக் கழிவை வைத்துத்தான் இங்கே கூலிக்கோ சொந்தத்துக்கோ உட்கார்ந்து அறுத்த கைகளை ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

வெள்ளத்துக்கு வெள்ளம் தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனது. கப்பல் வர ஆழம் போதவில்லை. வியாபாரம் பழையகாயலுக்கும், பிறகு புன்னைக்காயலுக்கும், போர்த்துக்கீசியர் காலத்தில் தூத்துக்குடிக்கும் போயிற்று. சரித்திரம் எழுதியவர்களும் வியாபாரத்தின் பின்னாலேயே போய்விட்டார்கள். என் மனத்தாங்கல் அதுதான். துறைமுகத்தைத் தூர்த்த அதே வண்டலில் கொற்கைக்காரர்கள் நெல்லும் வாழையும் போட்டார்கள். கடலை நம்பியிருந்த ஊர், ஆற்றுப் பாசனத்துக்குப் பழகிப் பல நூறு ஆண்டுகள் நிலைத்திருக்கிறது. முத்துக் காலத்தைக் கொண்டாடும் நாம், இந்த உழவுக் காலத்தையும் கொற்கையின் வரலாறாகவே எழுத வேண்டும்.

அந்த வட்டாரத்தில் வீடு கட்ட வானம் தோண்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பானை ஓடோ, சுட்டமண் உறையோ, அறுத்த சங்கோ தட்டுப்பட்டால் மண்ணோடு அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். ஒரு பொருள் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் அதன் காலத்தைச் சொல்ல முடியும். கொற்கையில் உழைத்தவர்களைப் பற்றி நாம் அறிய வேண்டியதில் பெரும்பங்கு இன்னும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது.

அடுத்த வாரம்: மார்க்கோ போலோ காலத்தில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கிய பழையகாயல்.

(தொடரும்)