சொட்டாத லீக்... காலை வாரும் டியூப்!

உங்க வீட்டுல குட்டி யானை இருக்கா? அட, கோயில் யானை இல்லீங்க... டாடா ஏஸ்! திருப்பூர், பல்லடம், அவிநாசின்னு இந்தப் பக்கம் படிக்கிற பசங்களைக் கேட்டுப் பாருங்க. அப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன்... யாராவது ஒருத்தர் பிக்கப் ஓட்டிக்கிட்டு இருப்பார்.

நீங்க போட்டிருக்கிற டி-ஷர்ட் ஒரே கூரைக்குள்ள பிறந்ததுன்னு நினைக்காதீங்க. நூல் நிட்டிங்குக்குப் போகணும். துணி சாயப்பட்டறைக்குப் போகணும். அப்புறம் காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங். பெரும்பாலும் ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு இடத்துல ஜாப் ஒர்க். நடுவுல துணியைச் சுமந்து ஓடுறது இந்த வண்டிங்கதான். காலையில வண்டி கிளம்பலைன்னா வாடகை மட்டும் போகாது. அந்தத் துணிக்காகக் காத்திருக்கிற டெய்லரோட பீஸ் ரேட்டும் போயிடும்!

டாடா 407 வந்தது 1986-ல. 702 சி.சி., ரெண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினோட டாடா ஏஸ் வந்தது 2005-ல. முதல் வருஷ ஏஸ் எல்லாம் இப்போ காலேஜ் படிக்கிற வயசைத் தாண்டிடுச்சு. அதுல இருக்கிற டீசல் டியூப்பை கடைசியா எப்போ மாத்துனாங்க?

ஓட்டை ஸ்ட்ரா!

ராத்திரி நல்லா ஓடி வந்த வண்டி, காலையில இருமிக்கிட்டே நிக்கும். ‘பேட்டரி வீக்’, ‘செல்ஃப் போச்சு’ன்னு ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. கீழே குனிஞ்சு பார்த்தா ஒரு சொட்டு டீசல் இருக்காது. அப்போ லீக் இல்லைன்னு முடிவு பண்ணிடுவோம். தப்பு அங்கேதான்!

ஓட்டை விழுந்த ஸ்ட்ராவுல இளநீர் குடிச்சிருக்கீங்களா? இளநீர் வெளிய ஒழுகாது. வாய்க்குள்ள காத்துதான் வரும். அதே கதைதான் இங்கேயும். டேங்குல இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் டீசலை உறிஞ்சி இழுக்குற பக்கம். டியூப்புக்குள்ள அழுத்தம் வெளிக்காத்தைவிடக் குறைவு. அதனால மயிரிழை விரிசல் இருந்தாலும் டீசல் வெளிய வராது, காத்து உள்ளே போகும். ராத்திரி முழுக்க காத்து புகுந்து, டீசல் மெதுவா டேங்குக்கே திரும்பிடும்.

காலையில இன்ஜெக்‌ஷன் பம்ப் அமுக்குறது டீசலை இல்லை, காத்தை. காத்து சுருங்கிக் கொடுத்துடும். இன்ஜெக்டர் திறக்க நூறு பாருக்கு மேல அழுத்தம் வேணுமே... எங்கே வரும்? நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர் மொத்தமும் இந்த டியூப்புக்குள்ள இருக்கு பாஸ்!

ஃபீட் பம்புக்கு அப்புறம் வர்ற பக்கத்துலயும், ரிட்டர்ன் லைன்லயும் விரிசல் விட்டா நிஜமாவே சொட்டும். அது இன்னும் ஆபத்து. ஏஸ்ல இன்ஜின் இருக்கிறது சீட்டுக்கு அடியில. பக்கத்துலயே கொதிக்கிற எக்ஸாஸ்ட். பின்னாடி லோடு முழுக்கப் பருத்தித் துணி. மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்கோங்க.

ரப்பர் ஏன் சாகுது?

சூடு, அதிர்வு, வயசு... இது தெரிஞ்ச கதை. தெரியாத கதை ஒண்ணு உண்டு. பி.எஸ்-3 டீசல்ல கந்தகம் 350 பி.பி.எம். 2017 ஏப்ரல்ல நாடு முழுக்க பி.எஸ்-4 வந்தப்போ 50. 2020 ஏப்ரல்ல பி.எஸ்-6 வந்தப்போ வெறும் 10. காத்துக்கு நல்லது. ஆனா, கந்தகத்தை எடுக்கிறப்போ ரப்பரை உப்ப வெச்சிருக்கிற அரோமாட்டிக் பொருட்களும் குறையலாம். உப்பியே பழகின பழைய ரப்பர் சுருங்கி, ஜாயின்ட்ல கசிய ஆரம்பிக்கும். 1993-ல அமெரிக்காவுல கந்தகம் குறைஞ்ச டீசல் வந்தப்போ பழைய வண்டிங்க இப்படித்தான் ஒழுகுச்சு.

மாத்துறப்போ...

டியூப்பை லேசா வளைச்சுப் பாருங்க. வெடிப்பு தெரிஞ்சா ஆயுசு முடிஞ்சது. சந்தேகமா இருந்தா ஃபீட் பம்புக்கு முன்னாடி கொஞ்ச தூரம் கண்ணாடி மாதிரி டியூப் போட்டு ஓட விடுங்க. குமிழ் ஓடினா திருடன் சிக்கிட்டான்! ஆனா, அந்த டியூப்பையே நிரந்தரமா விட்டுடாதீங்க. சூட்டுல விறைச்சு உடைஞ்சுடும்.

இன்ஜின் ஆறணும். பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டணும். பக்கத்துல பீடி, சிகரெட் கூடாது. புதுசா வாங்குறது எரிபொருளுக்குன்னே செஞ்ச டியூப்பா இருக்கணும். தண்ணி டியூப் ஆகாது. உள்விட்டம் பழசோடதேதான். கிளிப்பும் புதுசு. பேஞ்சோ போல்ட்டைக் கழட்டினா காப்பர் வாஷரும் புதுசு.

நம்ம ஊருக்குன்னே ஒரு எச்சரிக்கை: கழட்டின டியூப் வாயில பனியன் வேஸ்ட்டைத் திணிக்காதீங்க! கை துடைக்க அது சூப்பர். ஆனா, அதோட நூல் உள்ளே போனா ஃபில்டர்ல அடைக்கும். சுத்தமான போல்ட்டோ, மூடியோ போதும்.

மாட்டினதும் கை பம்பை அடிச்சு ஏர் எடுக்கணும். குமிழ் இல்லாம டீசல் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணி, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் பார்க்கணும். பம்புல இருந்து இன்ஜெக்டருக்குப் போற இரும்பு பைப் மட்டும் மெக்கானிக் வேலை. அங்கே ரப்பர் டியூப் மாட்டவே கூடாது. கசிவு இருக்கான்னு விரலால தடவிப் பார்க்கவும் கூடாது. அந்த அழுத்தத்துல டீசல் தோலைக் கிழிச்சு உள்ளே போயிடும். அட்டையை நீட்டிப் பாருங்க.

எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. அதுக்காக பட்டறைக்குப் போய் பளபளன்னு பெயின்ட் அடிப்பாங்க. கண்ணுக்குத் தெரியாத டியூப் மட்டும் அப்படியே கிடக்கும். வண்டியிலேயே மலிவான சாமான்கள்ல ஒண்ணு அது! ஓட்டுறவர் சம்பளத்துக்கு இருந்தா, ‘மாத்துங்க முதலாளி’ன்னு கேட்கத் தயங்குவார். லீவுல வீட்டுக்குப் போனா நீங்க கேளுங்க: “அப்பா, இந்த எஃப்.சி.க்கு டியூப் மாத்தியாச்சா?”