குவளை நிறைய – 6: நன்னாரி வேரைக் கொதிக்க விடாதீர்கள்

சென்ற வாரம் பார்த்த பானகத்துக்கு அடுப்பே தேவைப்படவில்லை. வெல்லமும் சுக்கும் ஏலமும் பச்சைத் தண்ணீரிலேயே தங்கள் வேலையை முடித்துக்கொண்டன. இந்த வாரம் நன்னாரி சர்பத். இதற்கு அடுப்பு உண்டு. ஆனால் எதை அடுப்பில் ஏற்றுவது, எதை ஏற்றக் கூடாது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வீட்டில் சர்பத் காய்ச்சுகிறவர்களில் பலர் வேரைத் தண்ணீரில் போட்டு, அது பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க விடுகிறார்கள். வீடெல்லாம் மணக்கிறது, பக்கத்து வீட்டிலிருந்துகூட என்ன காய்ச்சுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். அவ்வளவும் சர்பத்தில் தங்கியிருக்க வேண்டிய மணம்.

நன்னாரியின் மணத்துக்குக் காரணம் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு என்ற பொருள். வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினில் எந்த அணுக்கள் எத்தனை இருக்கின்றனவோ, அதே அணுக்கள் அத்தனையே இதிலும் இருக்கின்றன. அவை அமர்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. நன்னாரி பால் குடிக்கும்போது வெனிலா ஐஸ்கிரீமின் ஞாபகம் லேசாக வந்துபோவதற்கு இந்த உறவுதான் காரணம். இந்தப் பொருள் நீராவியோடு சேர்ந்து எளிதில் ஏறிப் போய்விடும். வேரிலிருந்து எண்ணெய் எடுப்பவர்கள் இந்தக் குணத்தை வைத்துத்தான் ஆவியில் வடித்து எடுக்கிறார்கள். அவர்கள் ஆவியைக் குளிரவைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள், நாம் ஜன்னல் வழியே அனுப்பிவிடுகிறோம். பாத்திரத்தில் மிஞ்சுவது நிறமும் துவர்ப்பும் கொஞ்சம் கசப்பும்தான். அதைச் சரிக்கட்ட சர்க்கரையை அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கிறது.

மணம் நின்றால் இனிப்பு குறைவாகப் போதும். இந்த வாரம் நான் சொல்ல வந்ததே அதுதான்.

வேரிலிருந்து தொடங்குவோம். நாட்டு மருந்துக் கடைகளில் நன்னாரி வருடம் முழுக்கக் கிடைக்கும். சென்னைக்காரர்களுக்குப் பூங்காநகர் ராசப்ப செட்டி தெரு இருக்கிறது. வெளியூர்களில் பெரிய கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒரு கடையாவது இருக்கும். நல்ல நன்னாரி வேர் மெலிந்து, நீண்டு, வளைந்து நெளிந்து இருக்கும். மேல்தோல் கரும்பழுப்பு. அதில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் தெரியும். உள்ளே வெளிறிய மஞ்சளில் ஒரு கட்டைத் தண்டு. கட்டு பார்க்க அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. எனக்கு வாடிக்கையான கடையில் அண்ணாச்சி யாருக்கும் பொட்டலத்தை நேராகக் கட்டித் தருவதில்லை. ஒரு வேரை எடுத்து நகத்தால் சுரண்டி, “மூக்குல வச்சுப் பாருங்கம்மா. மணக்கலைன்னா எடுக்காதீங்க, நான் வேற கட்டு பிரிக்கிறேன்” என்பார். முகர்ந்து பார்த்து வாங்குவதற்கு மேல் ஒரு சோதனை இதற்குக் கிடையாது. வருடக்கணக்கில் மூட்டையில் கிடந்த வேர் பார்வைக்குப் புதிதைப் போலவே இருக்கும், சுரண்டினால் வெறும் மண்வாசனைதான் வரும்.

சில கடைகளில் நன்னாரி என்று கேட்டால், முள்ளங்கி பருமனில் சதைப்பற்றான ஒரு கிழங்கைக் காட்டுவார்கள். அது மாகாளிக் கிழங்கு. ஐயர் வீடுகளில் மோரில் ஊறவைத்து ஊறுகாய் போடும் அதே கிழங்குதான். இரண்டும் வேறு வேறு செடிகள், ஆனால் மணம் தரும் பொருள் ஒன்றே. மாகாளியில் அது தூக்கலாகவே இருக்கும். ராயலசீமைப் பக்கம் நன்னாரி சர்பத் என்று விற்பதில் பெரும்பகுதி இந்தக் கிழங்கில் காய்ச்சியதுதான். அதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன், சர்பத் நன்றாகவே இருக்கும். ஆனால் தென்னிந்திய மலைச்சரிவுகளில் மட்டுமே வளரும் இந்தக் கொடியைக் கிழங்குக்காக வேரோடு பறித்துப் பறித்து, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அழிந்துவரும் தாவரங்கள் பட்டியலில் சேரும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். சர்பத்துக்கு மெல்லிய வேரே போதும். மாகாளியை ஊறுகாய்க்கு விட்டுவிடலாம்.

வீட்டுக்கு 100 கிராம் வாங்கினால் போதும். வெடிப்புகளில் மண் ஒட்டியிருக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். ஊறப்போட்டுக் கழுவ வேண்டாம், அந்தத் தண்ணீரோடு மணமும் போகும். ஒரு துணியில் பரப்பி நிழலில் ஈரம் உலரவிட்டு, பிறகு அம்மியிலோ இடிகல்லிலோ வைத்து லேசாகத் தட்டுங்கள். பொடியாக்கிவிடக் கூடாது. நாலு தட்டில் தோல் விட்டுக்கொடுக்கும். உள்ளிருக்கும் தண்டை உருவி எறிந்துவிடலாம். மணம் இருப்பது தோலில். தண்டு நாரும் கட்டையும்தான், அதையும் சேர்த்து ஊறவைத்தால் சாறு தட்டையாகிவிடும். பொறுமை வேண்டிய வேலை இது ஒன்றுதான். உட்கார்ந்து செய்தால் விரல்களில் அன்று இரவுவரை மணம் இருக்கும்.

மூடி இறுக்கமாகப் பொருந்தும் ஒரு பாத்திரத்தில் இந்தத் தோலைப் போட்டு, 400 மில்லி தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த கையோடு அதன்மேல் ஊற்றி உடனே மூடிவிடுங்கள். பிறகு அடுப்புக்கும் வேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும். ஆறும்போது மூடியின் உட்பக்கம் நீர் கோத்து நிற்கும். அதைத் துடைத்துவிடாமல் பாத்திரத்துக்குள்ளேயே வழித்துவிடுங்கள், மேலே ஏறிய மணம் அதில்தான் இருக்கிறது. காலையில் மெல்லிய துணியில் வடித்துப் பிழிந்தால் ஏறக்குறைய 250 மில்லி சாறு கிடைக்கும். மிச்சத்தைத் தோல் குடித்திருக்கும். சாறு குறைவாக இருந்தால், குறைந்த அளவுக்கு ஆறிய தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம்.

பாகு தனியாக. ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரைக்கு 300 மில்லி தண்ணீர். கொதி வந்ததும் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு, மேலே நுரையோடு வரும் அழுக்கைக் கரண்டியால் எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். கம்பிப் பதம் பார்க்கத் தேவையில்லை. இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு நன்னாரிச் சாற்றை ஊற்றிக் கலந்து மூடிவைக்க வேண்டும். கொதிக்கும் பாகில் ஊற்றினால் இரவு முழுக்கக் காத்துவைத்தது ஒரே நிமிடத்தில் ஆவியாகும்.

இந்த அளவுகளை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. கொதியில் கொஞ்சம் தண்ணீர் போனது போக, ஒரு கிலோ சர்க்கரைக்கு மொத்தம் அரை லிட்டர் நீர் நிற்கும். அதாவது, பாகின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. சர்க்கரை 65 சதவீதத்தைத் தாண்டினால், பாகில் இருக்கும் நீரைச் சர்க்கரையே பிடித்து வைத்துக்கொள்கிறது. பூஞ்சைக்கும் ஈஸ்ட்டுக்கும் அது எட்டுவதில்லை. வேறு எதுவும் சேர்க்காமலேயே சர்பத் கெடாமல் இருப்பது இதனால்தான். கெட்டியாக இருந்தால் இன்னும் நாள் தாங்குமே என்று சுண்டக் காய்ச்சினாலும் தவறு. நம் ஊர் அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் கரைத்து வைத்திருக்கக்கூடியது சுமார் இரண்டு கிலோ சர்க்கரை, அதாவது நாம் எடுத்துக்கொண்ட அதே விகிதம். அதைத் தாண்டினால் பாட்டிலின் அடியில் கற்கண்டு கட்டத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு விடுவதும் ருசிக்காக அல்ல. அதன் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கிறது. உடைந்த சர்க்கரை எளிதில் படிகமாகாது.

வெள்ளைச் சர்க்கரை வேண்டாம், கருப்பட்டியில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கருப்பட்டி என் வீட்டில் எப்போதும் இருக்கும் பொருள்தான். ஆனால் அது கனத்த குரல்காரர். பக்கத்தில் நன்னாரி பாடுவது காதில் விழாது. நாட்டுச் சர்க்கரையும் அப்படியே. பனங்கற்கண்டு பரவாயில்லை.

காய்ச்சி முடித்ததும் நிறத்தைப் பார்த்துச் சிலர் ஏமாந்துபோவார்கள். கடையில் வாங்கும் சர்பத் கருஞ்சிவப்பாக இருக்கிறதே, இது ஏன் வெளிறிய டீ நிறத்தில் இருக்கிறது என்று. வேரின் உண்மையான நிறம் இதுதான். பாட்டிலில் உள்ள கருமை பெரும்பாலும் எரித்த சர்க்கரையிலிருந்து எடுக்கும் நிறமி. லேபிளைத் திருப்பிப் படித்தால் அதுவும், சேர்க்கப்பட்ட மணமூட்டியும் பொடி எழுத்தில் இருக்கும். அனுமதிக்கப்பட்டவைதான், குடித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதில் வேர் எவ்வளவு என்பதை எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.

இனி கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். நாம் காய்ச்சியது ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். கடைகளில் ஊற்றுவதுபோல் ஒரு குவளைக்கு 40 மில்லி ஊற்றினால் அதில் 35 கிராம் சர்க்கரை, ஏழு டீஸ்பூன். ஒரு நாளைக்கு மொத்தமாகவே 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மணமில்லாத சர்பத்தில் ஏழு டீஸ்பூன் போட்டால்தான் ஏதோ குடித்த மாதிரி இருக்கும். மணம் நின்ற சர்பத்தில் 20 மில்லி போதும், சர்க்கரை பாதியாகிவிடும். ஐஸும் இதில் சேர்த்தி. நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்த பானத்தில் இனிப்பு சரியாகத் தெரியாது, அதனால் கை தானாக இன்னொரு கரண்டி ஊற்றும். பானைத் தண்ணீரில் கலந்தால் அந்தத் தேவை இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நான் இந்தப் பாகை 20 மில்லிகூடப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்குக் கீழே வேறு வழி இருக்கிறது.

குவளையில் முதலில் அரை எலுமிச்சையைப் பிழியுங்கள். தோலின் எண்ணெய் இறங்கும் அளவுக்கு நசுக்க வேண்டாம், விதையும் விழக் கூடாது, இரண்டுமே கசக்கும். அதன்மேல் சர்பத், விரல் நுனியில் எடுத்த உப்பு, கடைசியில் தண்ணீர். உப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேரின் மெல்லிய கசப்பை அமுக்கி இனிப்பை முன்னே கொண்டுவருவது அதுதான், வியர்வையில் போன உப்புக்கும் ஈடு. ஊறிய சப்ஜா விதை ஒரு கரண்டி போடலாம். சித்திரை வைகாசியில் இளம் நுங்கைத் தோல் உரித்துக் கையாலேயே பிசைந்து போட்டால், அதைவிட உயர்வாக இந்தச் சர்பத்தை எங்கும் கொண்டுபோக முடியாது. மதுரை ஜிகர்தண்டாவுக்கு அடியில் ஊற்றுவதும் நன்னாரிதான். பாதாம் பிசினும் கடல்பாசியும் சுண்டிய பாலும் அதன் மேல்தான் ஏறி உட்காருகின்றன. பாலோடு கலப்பதாக இருந்தால் எலுமிச்சை கூடாது, திரிந்துவிடும். பாலில் இந்த மணம் நீரில் நிற்பதைவிட நன்றாக நிற்கும், அது கொழுப்பில் கரையும் பொருள் என்பதால்.

சர்க்கரையே வேண்டாதவர்களுக்கு மண்பானை. நாலைந்து வேரைத் தட்டி, ஒரு பிடி வெட்டிவேரோடு துணியில் முடிந்து பானைத் தண்ணீரில் போட்டுவிட்டால் மாலைக்குள் தண்ணீர் மணக்கும். முடிச்சை இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுவழுப்பாகி வாடை அடிக்கும். பானை தன் உடம்பில் கசியும் நீரை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. காற்று வறண்ட வேலூரிலும் திருச்சியிலும் அது நன்றாக நடக்கும், கடற்கரைப் புழுக்கத்தில் அவ்வளவு இராது. மழைக்காலத்துக்கு இன்னொரு வழி: தட்டிய தோல் ஒரு டீஸ்பூன், மேலே கொதிநீர், பத்து நிமிடம் மூடி. அப்படியே இளஞ்சூட்டில் குடிக்கலாம். தூங்கப்போகும் முன் இதைக் குடிப்பது எனக்குப் பிடித்தமான விஷயம்.

சர்பத்துக்கு வடித்து எடுத்த தோலைக் குப்பையில் போடாதீர்கள். நிழலில் காயவைத்தால் பானைக்கு இன்னொரு வாரம் உழைக்கும். நன்னாரி மெதுவாக வளரும் கொடி. வேலியோரங்களிலும் கரட்டு நிலங்களிலும் தானாகப் படர்வதுதான், இலையின் நடுநரம்பை ஒட்டி ஓடும் வெள்ளைக் கோட்டையும் கிள்ளினால் வரும் பாலையும் வைத்து அடையாளம் காணலாம். தோண்டுகிறவர்கள் வேரில் ஒரு பகுதியை மண்ணிலேயே விட்டுவிட்டால் அது மறுபடி துளிர்க்கும். மாடியில் ஆழமான தொட்டி இருந்தால், உயிருள்ள வேர்த்துண்டு ஒன்றை நட்டு ஒரு கம்பைக் கொடியேற ஊன்றிவிடுங்கள். வேர் எடுக்கச் சில வருடங்கள் பொறுக்க வேண்டும்.

சர்பத்தைக் கண்ணாடி பாட்டிலில், நன்றாகக் கழுவிக் காயவைத்ததில் நிரப்பி, ஈரக் கரண்டி படாமல் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் திறக்காமல் விட்டால் சாறும் பாகும் ஒன்றோடொன்று சேர்ந்து மணம் இன்னும் நிதானப்படும்.

(தொடரும்)