வேர்டில் மூன்று வகை டெம்ப்ளேட்கள்: எதில் எதை வைப்பது?

"நான் டெம்ப்ளேட் எதுவும் பயன்படுத்துவதில்லை" என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. உண்மையில் டெம்ப்ளேட் இல்லாமல் வேர்டில் ஒரு டாகுமெண்ட் கூட உருவாகாது. நாம் திறக்கும் வெற்றுப் பக்கமும் ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து தான் வருகிறது. ரெஸ்யூமே, காலண்டர், அழைப்பிதழ் என்று நியூ பிரிவில் காட்டப்படும் வண்ண மாதிரிகள் இவற்றில் ஒரு பகுதி மட்டுமே. செயல்படும் விதத்தை வைத்து டெம்ப்ளேட்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. நார்மல் டெம்ப்ளேட்

வேர்ட் இயங்கத் தொடங்கும்போதெல்லாம் இந்த பைலும் திறக்கப்படுகிறது. வேர்ட் 2003 வரை இதன் பெயர் நார்மல் டாட். வேர்ட் 2007 முதல் நார்மல் டாட்எம். புதிய டாகுமெண்ட்டின் எழுத்து வகை, அளவு, மார்ஜின் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

தமிழில் டைப் செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் பாண்ட் மாற்றிக் கொண்டிருக்க வேண்டாம். கண்ட்ரோல்+டி அழுத்தி, பாண்ட் டயலாக் பாக்ஸில் காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் பிரிவில் நிர்மலா யுஐ போன்ற தமிழ் பாண்ட்டைத் தேர்ந்தெடுக்கவும். பின் செட் அஸ் டிபால்ட் கிளிக் செய்திடவும். இந்த டாகுமெண்ட்டுக்கு மட்டுமா, நார்மல் டெம்ப்ளேட்டின் அடிப்படையில் அமையும் அனைத்திற்குமா என்று கேட்கப்படும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுக்கவும்.

உங்கள் லெட்டர்ஹெட்டை மட்டும் இதில் வைத்துவிடாதீர்கள். மளிகைப் பட்டியல் அடிக்கத் திறந்தாலும் அது வந்து நிற்கும்.

இந்த பைல் எல்லா டாகுமெண்ட்களையும் தொடுவதால், வைரஸ் எழுதுபவர்களும் இதைத் தான் குறி வைத்தனர். 1995ல் வந்த கான்செப்ட், 1999 மார்ச்சில் பரவிய மெலிசா ஆகிய மேக்ரோ வைரஸ்கள் இதற்குள் புகுந்து கொண்டன. மெலிசா, அவுட்லுக் முகவரிப் பட்டியலில் உள்ள முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக் கொண்டது. இணையத்திலிருந்து வரும் பைல்களில் உள்ள மேக்ரோக்களை 2022 முதல் வேர்ட் தானாகவே தடுக்கிறது.

நார்மல் பைல் கெட்டுப் போனால், வேர்டை மூடிவிட்டு அதன் பெயரை மாற்றிவிடுங்கள். அடுத்த முறை வேர்ட் திறக்கையில் புதிய பைல் ஒன்று உருவாகிவிடும். ஆனால் நீங்கள் செய்த மாற்றங்கள் அதில் இருக்காது.

2. டாகுமெண்ட் டெம்ப்ளேட்

லெட்டர்ஹெட், பில், விண்ணப்பம் போன்றவற்றின் இடம் இது தான். மாறாத பகுதிகளை மட்டும் அமைத்து, சேவ் அஸ் சென்று, பைல் வகையாக வேர்ட் டெம்ப்ளேட் என்பதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்திடவும். இதன் மீது டபுள் கிளிக் செய்தால் டெம்ப்ளேட் திறக்காது. அதன் நகலாகப் புதிய டாகுமெண்ட் ஒன்று கிடைக்கும். டெம்ப்ளேட்டையே திருத்த வேண்டும் என்றால், ரைட் கிளிக் செய்து ஓப்பன் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டெம்ப்ளேட்டில் போன் எண்ணை மாற்றினால் பழைய கடிதங்களிலும் மாறுமா என்று சிலர் கேட்கிறார்கள். மாறாது. டெக்ஸ்ட், ஹெடர், மார்ஜின், ஸ்டைல் ஆகியவை டாகுமெண்ட் பிறக்கும்போதே நகலெடுக்கப்பட்டு விடுகின்றன. இதற்கு ஒரு விலக்கு உண்டு. டெவலப்பர் டேபில் டாகுமெண்ட் டெம்ப்ளேட் கிளிக் செய்தால், ஸ்டைல்களைத் தானாக அப்டேட் செய்யும் கட்டம் ஒன்று இருக்கும். இதில் டிக் இருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டெம்ப்ளேட்டின் ஸ்டைல்கள் டாகுமெண்ட்டில் ஏறும்.

என் நண்பர் ஒருவரின் இரண்டு பக்க ரெஸ்யூமே, பிரிண்ட் எடுக்கும் கடையில் மூன்று பக்கமாக நீண்டுவிட்டது. அந்தக் கட்டத்தில் டிக் இருந்ததால், கடை கம்ப்யூட்டரின் நார்மல் டெம்ப்ளேட்டில் இருந்த ஸ்டைல்கள் அதில் ஏறிவிட்டன. வெளியே கொண்டு செல்லும் பைலில் இந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பிடிஎப் ஆக எடுத்துச் செல்வது இன்னும் நல்லது.

3. குளோபல் டெம்ப்ளேட்

வேர்டின் ஸ்டார்ட்அப் போல்டரில் வைக்கப்படும் டெம்ப்ளேட் இது. இதில் உள்ள மேக்ரோ, ஆட்டோ டெக்ஸ்ட், ஷார்ட்கட் கீகள் எல்லா டாகுமெண்ட்களிலும் கிடைக்கும். இதிலுள்ள டெக்ஸ்ட்டும் ஸ்டைலும் வராது. மேக்ரோக்களை நார்மலில் சேர்க்காமல் நான் இதில் தான் வைக்கிறேன். நார்மல் கெட்டாலும் இவை பத்திரமாக இருக்கும்.

விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்யும் முன் ஒன்றைக் கவனியுங்கள். நாம் உருவாக்கும் டெம்ப்ளேட்கள் வழக்கமாக டாகுமெண்ட்ஸ் போல்டரில், கஸ்டம் ஆபீஸ் டெம்ப்ளேட்ஸ் என்ற பிரிவில் இருக்கும். பேக்கப் எடுக்கையில் இவை தாமாகவே வந்துவிடும். நார்மல் டெம்ப்ளேட்டும் ஸ்டார்ட்அப் போல்டரும் மறைத்து வைக்கப்பட்டுள்ள ஆப்டேட்டா போல்டருக்குள் இருக்கின்றன. இவற்றை நாம் தான் தேடிச் சென்று காப்பி செய்திட வேண்டும்.