சிறுவனும் பந்தய நாயும்



பிள்ளைகளோடு வீட்டில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு இன்று ஒரு கதையைச் சொல்லி, அதில் வரும் சில செய்திகளையும் விளக்க விரும்புகிறோம். கதையின் பெயர் ‘ஸ்டோன் ஃபாக்ஸ்’. கல்நரி என்று பொருள். எழுதியவர் ஜான் ரெனால்ட்ஸ் கார்டினர் என்னும் அமெரிக்கர். அவர் எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர், பொறியாளர். 1974-இல் ஐடஹோ மாநிலத்தில் ஒருவர் காப்பி குடித்தபடி சொன்ன செவிவழிக் கதையை மனத்தில் வைத்திருந்து, 1980-இல் புத்தகமாக வெளியிட்டார். 1987-இல் அது தொலைக்காட்சி நாடகமாகவும் வந்தது.

கதை நடப்பது அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில். நமக்குப் பனி என்றால் விடியற்காலையில் புல்லை நனைப்பதுதான். அங்கே குளிர்காலத்தில் தரையே தெரியாதபடி வெண்பனி குவிந்துவிடும். அதன்மேல் சக்கரம் ஓடாது. ஆகவே வண்டியின் அடியில் நீண்ட இரு சட்டங்களைப் பொருத்தி, நாய்களைப் பூட்டி இழுக்க விடுவார்கள். இதுதான் சறுக்குவண்டி.

சிறுவனின் பெயர் வில்லி, வயது பத்து. (பெயரைச் சொன்னதும் எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அடங்கச் சற்று நேரம் பிடித்தது.) தாய் தந்தை இல்லாத அவன் தாத்தாவோடு உருளைக்கிழங்குப் பண்ணையில் வாழ்கிறான். சர்ச்லைட் என்ற கறுப்பு நாய் ஒன்று உண்டு. அவன் பிறந்த அன்றே பிறந்தது. அதன் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு.

ஒருநாள் காலையில் தாத்தா எழுந்திருக்கவில்லை. மருத்துவர் வந்து பார்க்கிறார். உடம்பில் நோய் இல்லை, வாழவேண்டும் என்ற எண்ணம் விட்டுப்போய்விட்டது என்கிறார். கிழவர் பேச்சையும் நிறுத்திவிடுகிறார். உள்ளங்கையை மேலே காட்டினால் ஆம், கவிழ்த்தால் இல்லை. அவ்வளவே அவருடைய மொழி. விளைச்சலை நினைத்துக் கவலைப்படுகிறார் போலும் என்று எண்ணிய சிறுவன், குதிரைக்குப் பதிலாக நாயைக் கலப்பையில் பூட்டி, கிழங்கு முழுவதையும் தோண்டி எடுத்துவிடுகிறான். தாத்தா அப்போதும் எழவில்லை.

பிறகு வரி அதிகாரி வந்து நிற்கிறார். பத்து ஆண்டு நிலவரி பாக்கி, மொத்தம் 500 டாலர். வந்த கடிதங்களை எல்லாம் கிழவர் ஒரு பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார். நிலவரி கட்டாமல் விட்டால் அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் பல நாடுகளில் உண்டு. பையன் பெரியவர்களிடம் யோசனை கேட்கிறான். பண்ணையை விற்றுவிடு என்பதே அவனுக்குக் கிடைக்கும் பதில். அப்போதுதான் சறுக்குவண்டிப் பந்தய விளம்பரம் அவன் கண்ணில் படுகிறது. பத்து மைல் ஓட்டம். பரிசு 500 டாலர். நுழைவுக் கட்டணம் 50 டாலர். அவன் மேற்படிப்புக்காகச் சேர்த்து வைத்திருந்ததும் அதே 50 டாலர்தான். அதை எடுத்துக் கட்டிவிடுகிறான். இந்த இடத்தைப் படித்தபோது, ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பந்தயத்தைவிட அந்தச் சேமிப்பைப் பற்றிய கவலையே அதிகமாக இருந்தது.

எதிராளிதான் கல்நரி. ஷோஷோனி என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவன். நம் நாட்டு ஓராங் அஸ்லி மக்களைப் போல், அந்த மண்ணின் முதல் மக்கள் அவர்கள். இதுவரை எந்தப் பந்தயத்திலும் தோற்காதவன். வெள்ளையரோடு பேசவே மாட்டான். அவனுடைய வண்டியை ஐந்து சமோயட் நாய்கள் இழுக்கும். சைபீரியாவில் கலைமான் மேய்க்கவும் வண்டி இழுக்கவும் வளர்த்த, அடர்ந்த வெண்ரோமம் கொண்ட இனம் அது. பரிசுப் பணத்தை அவன் என்ன செய்கிறான்? தன் மக்கள் இழந்த நிலத்தைச் சிறிது சிறிதாக விலைக்கு வாங்குகிறான்.

கல்நரி கற்பனைப் பாத்திரம். நிலம் போனது கற்பனை அன்று. 1863-இல் அமெரிக்க அரசு செய்த ஒப்பந்தம், ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் ஏக்கரை ஷோஷோனி நாடாக ஏற்றுக்கொண்டது. ஐந்தே ஆண்டுகளில், 1868-இல், மற்றோர் ஒப்பந்தம் கிழக்கு ஷோஷோனி மக்களுக்கு வயோமிங்கில் சுமார் 30 லட்சம் ஏக்கரை மட்டும் ஒதுக்கியது. 1878-இல் அரப்பாஹோ என்ற வேறொரு குடியினரையும் அதே இடத்தில் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். ஆக, கதையில் ஓடுகிற இருவரும் நிலத்துக்காகவே ஓடுகிறார்கள். ஒருவன் வென்றால் மற்றவனுக்கு நிலம் இல்லை. குழந்தைகளுக்கான கதையில் இப்படி ஒரு சிக்கலை வைத்ததற்காகவே கார்டினரை நாங்கள் மதிக்கிறோம்.

பந்தயத்துக்கு முந்திய இரவு, கொட்டகையில் இருந்த அந்த வெள்ளை நாய்களைத் தடவிக் கொடுக்கப் போன சிறுவனைக் கல்நரி அறைந்துவிடுகிறான். மறுநாள் ஒரு கண் வீங்கி மூடிய நிலையிலேயே பையன் ஓட்டுகிறான். பாதை அவனுடைய வீட்டைக் கடந்து செல்கிறது. தாத்தா சன்னலருகே எழுந்து அமர்ந்திருக்கிறார்! வண்டியை நிறுத்தப் போனவனை, போ போ என்று கையசைத்து அனுப்புகிறார். எல்லைக்கோடு கண்ணுக்கெதிரே தெரியும்போது சர்ச்லைட் இதயம் வெடித்து விழுந்து இறக்கிறது. பின்னால் வந்த கல்நரி வண்டியை நிறுத்துகிறான். பனியில் காலால் ஒரு கோடு கிழிக்கிறான். துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுடுகிறான். இந்தக் கோட்டைத் தாண்டுகிறவனைச் சுடுவேன் என்று மற்றவர்களிடம் சொல்கிறான். கதை முழுவதிலும் அவன் வாய் திறப்பது அப்போதுதான். சிறுவன் நாயைத் தூக்கிக்கொண்டு நடந்து எல்லையைக் கடக்கிறான்.

நாய் அப்படி ஓடிச் சாகுமா என்று நேயர்கள் கேட்கலாம். இதயம் வெடித்தது என்பது கதை சொல்லும் முறை. ஆனால் நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்க வேண்டும். பழகிய நாய், எசமான் நிறுத்தச் சொல்லும்வரை தானாக நிற்பதும் அரிது. ஐடஹோவின் ஆஷ்டன் ஊரில் சறுக்குவண்டிப் பந்தயம் 1917-இல் தொடங்கியது. அலாஸ்காவில் 1973 முதல் நடைபெறும் இடிடராட் பந்தயத்தின் தூரம் ஏறத்தாழ ஆயிரம் மைல். அங்கே வழியில் கால்நடை மருத்துவர்கள் நாய்களைப் பரிசோதிக்கிறார்கள். இடையில் 24 மணி நேர ஓய்வு ஒன்றும் கட்டாயம். அப்படி இருந்தும் நாய்கள் இறந்தது உண்டு.

நாங்கள் இதை வகுப்பில் சொன்னபோது, நாய் இறந்ததற்குச் சில பிள்ளைகள் அழுதார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒருவன் மட்டும் அழவில்லை. பள்ளி விட்டதும் தாயோடு செம்பனைப் பழம் பொறுக்கப் போகிறவன் அவன். “சார், தாத்தா ஏன் அந்தக் கடிதத்தை அவனிடம் காட்டவில்லை?” என்று கேட்டான். வெட்கமாக இருந்திருக்கும் என்றோம். “பையனுக்குப் படிக்கத் தெரியுமே சார்” என்றான்.

இரண்டு நாள் கழித்து ஒரு கடிதத்தை மடித்து எடுத்து வந்தான். அம்மா அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தாராம். மலாயில் எழுதிய மின்கட்டண பாக்கிக் கடிதம். அவனையே உரக்கப் படிக்கச் சொன்னோம். தடுமாறிய சொற்களுக்கு மட்டும் பொருள் சொன்னோம். அலுவலகத்துக்கு வந்து கேட்டால் தவணையாகக் கட்டலாம் என்று கடைசிப் பத்தியில் இருந்தது. அந்த வரியின் கீழே பென்சிலால் கோடிட்டு, மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.