வேகப்பந்து வீச்சாளரின் முதுகும் போட்டி அட்டவணையும்

இரும்புலியூரில் நான் காலை நடைப்பயிற்சிக்குச் செல்லும் திடலில், வேகப்பந்து வீசும் பதினேழு வயது மாணவர் ஒருவரைச் சில மாதங்களாகக் காணவில்லை. கீழ் முதுகெலும்பில் நுண்ணிய விரிசல், அரையாண்டுக்குப் பந்தைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதாக அவருடைய தந்தை கூறினார். பள்ளி அணி, உள்ளூர் அணி, வார இறுதிப் போட்டிகள் என இடைவெளியின்றி ஆடியிருக்கிறார். "எல்லோரும் கூப்பிடுகிறார்கள் சார், எதை மறுப்பது?" என்றார் தந்தை. சர்வதேச கிரிக்கெட்டும் இதே கேள்வியைத்தான் எதிர்கொண்டிருக்கிறது.

பந்து வீசுபவரின் முன்கால் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை அவர் மீது இறங்குகிறது. அதே கணத்தில் முதுகு வளைந்து முறுகுகிறது. தசைகள் இந்தச் சுமைக்கு விரைவில் பழகிவிடும்; எலும்புக்கு நெடுங்காலம் வேண்டும். எனவே, எத்தனை பந்துகள் வீசினார் என்பதோடு, அந்த எண்ணிக்கை எவ்வளவு திடீரென உயர்ந்தது என்பதும் முக்கியம். டி20 ஆட்டத்தில் ஒருவருக்கு 4 ஓவர், அதாவது 24 பந்துகள். டெஸ்டில் ஒரே நாளில் 20 ஓவர், 120 பந்துகள் வீச நேரலாம். 2023-இல் ஐபிஎல் இறுதி ஆட்டம் மே 30 அதிகாலையில் முடிந்தது. உலக டெஸ்ட் இறுதி ஆட்டம் லண்டனில் ஜூன் 7 அன்று தொடங்கியது. உடல் பழகுவதற்கு அட்டவணை தந்த அவகாசம் ஒரு வாரமே.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன், 2020 ஐபிஎல் முடிந்ததும் வலைப் பயிற்சிப் பந்து வீச்சாளராக ஆஸ்திரேலியா சென்றார். அந்த ஐபிஎல் நடந்தபோது பிறந்த மகளை அவர் அப்போது நேரில் பார்த்திருக்கவில்லை. பும்ரா, உமேஷ் யாதவ், அஸ்வின் ஆகியோர் தசைக் காயங்களாலும் முதுகுவலியாலும் விலகியிருந்த நிலையில், 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் களமிறங்கினார். ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். அடுத்த ஏப்ரலில் அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. பயணம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், அந்த நிலையிலுள்ள ஒருவர் "எனக்கு ஓய்வு வேண்டும்" என்று கேட்டிருக்க முடியுமா?

பும்ராவால் கேட்க முடிந்தது. 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் 150 ஓவர்களுக்கு மேல் வீசி 32 விக்கெட் எடுத்தவர், சிட்னியில் முதுகுப் பிடிப்பால் விலகி, சாம்பியன்ஸ் கோப்பையையும் இழந்தார். அதனால் 2025 இங்கிலாந்துத் தொடரின் ஐந்து டெஸ்டுகளில் மூன்றில் மட்டுமே ஆடினார். ஐந்திலும் ஆடி 185 ஓவர் வீசிய சிராஜைக் காட்டி அவரைக் குறைகூறியவர்கள் பலர். எல்லா உடலும் ஒன்றல்ல என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இங்கிலாந்தின் தொழில்முறை ரக்பியில் ஒரு பருவத்துக்கான ஆட்டங்களுக்கு உச்சவரம்பும், பருவ இறுதியில் கட்டாய ஓய்வு வாரங்களும் உண்டு. வீரர் கேட்டுப் பெறவேண்டிய தேவையில்லை, விதியே தந்துவிடுகிறது. இந்தியாவிலோ, 2019-இல் உருவான கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கானது. இன்று ஆடுபவர்களின் சார்பில் அட்டவணையைப் பற்றிப் பேச அமைப்பு இல்லை.

ஐபிஎல்லுக்கும் அடுத்த டெஸ்டுக்கும் இடையே குறைந்தபட்ச இடைவெளியை வாரியம் விதியாக்க வேண்டும். உள்ளூரிலும், ஒரு சிறுவன் எல்லா அணிகளுக்குமாக வாரத்துக்கு எத்தனை பந்துகள் வீசுகிறான் என்பதை யாராவது ஒருவர் குறித்துவைக்க வேண்டும். எங்கள் திடல் மாணவருக்கு மூன்று அணிகள் இருந்தன. அந்தக் கணக்கு எவரிடமும் இல்லை.