மின்சாரப் பத்திரத்தில் 'வாரியம்' என்பது யார்?

கிணற்றுக்கு மின்சாரப் பம்பு வைத்த குடியானவர் பலரிடமுள்ள பழைய ஒப்பந்தப் பத்திரத்தில், மறுதரப்பாக 'வாரியம்' என்றே கண்டிருக்கும். 1957-இல் ஏற்பட்ட அவ்வாரியம், 2010-இல் உற்பத்திக்கும் பகிர்மானத்துக்கும் ஒரு கழகம், மின்தொடரமைப்புக்கு வேறொரு கழகம் எனப் பிரிந்தது. 2024-இல் பகிர்மானம் தனிக் கழகமாயிற்று. ஆயின் பழைய பத்திரம் செல்லாதோ என்னும் ஐயம் எழுவது இயல்பே.

அவ்வையம் வேண்டுவதில்லை. 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் 131-ஆம் பிரிவின்படி, வாரியத்தின் சொத்தும் உரிமையும் கடப்பாடும் முதலில் அரசாங்கத்தையும், பின்னர் மாற்றுத் திட்டத்தின் வாயிலாகப் புதிய கழகங்களையும் சாரும். ஒப்பந்தங்களிலும், மறுதரப்பின் பெயர் அதன் வழிவந்தோரையும் குறிக்கும் என்று முகப்பிலேயே எழுதுவது வழக்கம்.

சட்டமோ பெயரை நோக்காது தொழிலை நோக்குகின்றது. தம் எல்லையிலுள்ள நுகர்வோருக்கு மின்சாரம் வழங்கும்பொருட்டுப் பகிர்மான அமைப்பை நடத்தவும் பராமரிக்கவும் அதிகாரம் பெற்றவரே 'பகிர்மான உரிமதாரர்' என்பது 2-ஆம் பிரிவு. 67-ஆம் பிரிவின்படி வேலை செய்யும் உரிமதாரர் இயன்றவரை சேதமின்றிச் செய்து, நேர்ந்த சேதத்துக்கு முழு நஷ்டஈடு தரக் கடமைப்பட்டவர். தகராறு எழின் உரிய ஒழுங்குமுறை ஆணையம் தீர்க்கும்.

ஆகவே மனுச் செய்வோர் இணைப்பு எண்ணையும் உரிய நிறுவனத்தையும் தெளிவாய்க் குறித்தல் வேண்டும். பம்புக்கு வரும் கம்பி பகிர்மானக் கழகத்தினது. உயர்கோபுரமாயின், அது மாநிலத் தொடரமைப்புக் கழகத்தினதோ மத்திய நிறுவனத்தினதோ என்று முதலில் அறிதல் நலம். கிராம அதிகாரிகள் இவ்வேற்றுமையைக் குடிகளுக்கு எடுத்துரைப்பாராக. விலாசம் தவறிய மனு அலையும். அதுவரை பயிர் காத்திராது.